எங்கே நின்று கேட்டீர்கள்?

ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி நேரில் கேட்காதவன் வாயைத் திறக்கக்கூடாது என்று நம் வட்டத்தில் ஒரு தடை உத்தரவு வெகு நாளாக அமலில் இருக்கிறது. உத்தரவு போட்டவர்கள் 'கேட்டவர்கள்'. அவர்களில் அநேகர் இன்று இல்லை. அந்த இடத்தை அவர்களுடைய பிள்ளைகளும் மருமகப்பிள்ளைகளும் பட்டா மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சமீபத்தில் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பேச்சு. தோடி இசைத்தட்டைப் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் கையை உயர்த்தி, "அது சாம்பல் ஐயா, நெருப்பை நாங்கள் பார்த்திருக்கிறோம்" என்றார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பிள்ளை காலமானது 1956 டிசம்பரில். கூட்டல் கழித்தல் என் ஜீவனோபாயம். மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

மாடியில் எதிர்க்கட்சியும் இருந்தது. இன்னொரு நண்பர், நம் பத்திரிகையில் கவிதை எழுதுபவர், ஒலிநாடாக்களை ஒழுங்காகக் கேட்டவர், வேறு மாதிரிச் சொன்னார். பிள்ளையிடம் இருந்தது ஆலாபனை மட்டும்தானாம். கீர்த்தனைக்கு வந்தால் திருவீழிமிழலை சகோதரர்களின் பாடாந்தர சுத்தத்துக்கு அருகில் நிற்க முடியாதாம். பிருகா, மேலும் பிருகா, மறுபடி அதே பிருகா. மிச்சமெல்லாம் வைரக் கடுக்கன், கிராப்பு, ஷெர்வாணி, காக்க வைத்த கதைகள். பதிவில் இல்லாத மேதைமையை நான் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார்.

இருவரும் இரவு பன்னிரண்டு மணி வரை சண்டை போட்டார்கள். எனக்கு இருவரும் ஒரே ஆள் என்று பட்டது. எங்கோ ஒரே ஒரு ராஜரத்தினம் பிள்ளை முழுசாக இருக்கிறார், நேர்க்கச்சேரி அவருடைய நல்ல நகல், இசைத்தட்டு மோசமான நகல் என்கிறார் ஒருவர். மற்றவர் அதையே தலைகீழாகத் திருப்பி, இசைத்தட்டுதான் அத்தாட்சிப் பத்திரம், மற்றதெல்லாம் வாய்மொழி என்கிறார். எது கேட்கப்பட்டது, எங்கிருந்து கேட்கப்பட்டது என்ற கேள்வி இருவருக்குமே எழவில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் தாத்தா தலத்தெருவில், பிரெஞ்சுக்காரன் ஆட்சி முடிவதற்குச் சில வருஷங்களுக்கு முன், ஒரு கல்யாண ஊர்வலத்தில் பிள்ளையைக் கேட்டவர். காரைக்கால் இந்தியாவுடன் சேர்ந்தது 1954இல். பிள்ளை பிறந்த திருமருகலோ இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் நடுவில் எல்லை. அந்த ராத்திரியைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தோடி, மூன்று மணி நேரம், பஞ்சமத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தொட்டபோது பந்தலே மூச்சை விட்டது. நான் இதைப் பல இடங்களில் என் சொத்தாகச் செலவழித்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே ராத்திரியைக் கேட்ட இன்னொரு கிழவர், கீழத்தெருக்காரர், எங்கள் வயலில் வேலை செய்தவர், சமீப காலம் வரை இருந்தார். ஒரு நாள் அவரிடம் தோடியைப் பற்றிக் கேட்டேன். "தோடியாவது ஒண்ணாவது. நாங்க வண்டி மாட்டுப் பக்கம் இல்ல நின்னோம். தவில்தான் கேட்டுது. நாயனம் காத்து திரும்புனா வரும், திரும்பலன்னா போயிரும். போன நேரத்துல பயமா இருந்துச்சு தம்பி, ஏதோ நின்னுபோன மாதிரி" என்றார்.

இந்த இரண்டு வாக்குமூலத்தில் எது ராஜரத்தினம் பிள்ளை? தாத்தா சொன்னதில் ராக லட்சணம் இருக்கிறது. மூன்று மணி நேரமும் இருக்கிறது, அதை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்வேன். கிழவர் சொன்னதில் ராகம் இல்லை. ஆனால் சங்கீதம் இல்லாமல் போகும் கணத்தை அவர் கேட்டிருக்கிறார். நம் சங்கீத விமர்சனத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை. காரணம் எளியது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

நாயனம் உட்கார்ந்து கேட்பதற்காக ஏற்பட்ட வாத்தியம் அல்ல என்பதைச் சொல்லக்கூட இன்று தயங்க வேண்டியிருக்கிறது. மல்லாரியோடு சாமி புறப்படும். வீதி நீளத்துக்கும் ராகம் நடக்கும், மூலை திரும்பும், சாமி நிற்கிற இடத்தில் நின்று விரியும். வடக்கு வீதிக்காரன் கேட்ட ஆலாபனையைக் கீழ வீதிக்காரன் கேட்டிருக்கமாட்டான். முழுவதையும் கேட்டவர்கள் வாசித்தவரும், தவில்காரரும், ஒத்து ஊதிய பையனும், பந்தம் பிடித்தவனும்தான். வீதியின் இரைச்சலைத் துளைத்துப் போகத்தான் திமிரி நாயனம்: குட்டை, உச்ச சுருதி. பிள்ளை அதை விட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு வந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த, சுத்த மத்தியமம் அடம்பிடிக்காமல் பேசுகிற பாரி அது. அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஒத்தை ஒதுக்கித் தம்புராவை வைத்துக்கொண்டார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசித்த ஜாதி, கோட்டுப் போட்டு உட்கார்ந்தது. இதில் எது சங்கீதக் காரணம், எது மானக் காரணம் என்று பிரித்துப் பார்க்க நான் முயலமாட்டேன். பிரிக்கத் தேவையும் இல்லை.

ஆக, அவர் காலத்திலேயே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், வீதிக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர். மூன்றாவது ஆள் இசைத்தட்டில். எழுபத்தெட்டு சுழல் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷமும் சொச்சமும். மூன்று நிமிஷத்தில் தோடி என்பது மூன்று மணி நேரத் தோடியின் சாம்பல் என்று நெருப்பு நண்பர் சொல்கிறார். அவர் அந்தத் தட்டைக் கேட்டதேயில்லை என்று நான் சந்தேகிக்கிறேன். அதில் ஒருவர் நேரம் போதாமல் அவசரப்படவில்லை. நேரத்தையே வேறு விதமாகப் பிடித்திருக்கிறார். வீதியில் ஒரு ஸ்வரத்தில் நின்றுகொள்ளலாம், சாமி நிற்கிறவரை. இங்கே நிற்கிற இடமெல்லாம் ஊசி போய்க்கொண்டே இருக்கிறது. அந்த உணர்வு அவருடைய காந்தாரத்தின் அசைவிலேயே இருப்பதாக என் காதுக்குப் படுகிறது. பின்னால் ஒலிநாடாக்களில் பரவிய நீண்ட ஆலாபனைகளில் சில இடங்களில் அவர் சொன்னதையே சொல்கிறார். கவிஞர் நண்பர் சொன்னது அந்த மட்டில் சரி. தட்டில் அப்படிச் சொல்ல அவருக்கு இடம் இல்லை. நான் தட்டையே உயர்வாக நினைக்கிறேன். அடிக்க வருகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுவிட்டு வரவும்.

இந்தத் தகராறு நமக்கு மட்டும் உரியதல்ல. 1935இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் ஒரு மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகளுக்குத்தான் அது அதிகம் போயிற்று. கோவில் வாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஜிம்மி ஸ்மித் என்ற கறுப்பு இளைஞர் சாராயக்கடைகளுக்குக் கொண்டுபோனார். காலாலும் இடது கையாலும் மந்தர ஸ்தாயியை நடத்தி, வலது கையால் ஜாஸ் வாசித்தார். அவருடைய முதல் தட்டு 1956இல் வந்தது, பிள்ளை போன வருஷம். அவர் விஷயத்திலும் கட்சிகள் உண்டு. இரவு விடுதியில் ஜனங்களுக்கு நடுவில் பதிவானதுதான் ஸ்மித் என்பார்கள். அறுபதுகளில் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு வாசித்தது வியாபாரம் என்பார்கள். விடுதியில் வாசித்ததே ஜனங்களைக் கிளப்பும் வித்தைதான் என்பாரும் உண்டு. ஆனால் அங்கே ஒரு சௌகரியம் இருந்தது. நெட்டிசைத்தட்டு வந்துவிட்டது. 'தி செர்மன்' என்ற அவருடைய வாசிப்பு தட்டின் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிஷம் ஓடும். கேட்டவனும் கேளாதவனும் ஒரே இருபது நிமிஷத்தை வைத்துக்கொண்டு சண்டை போடலாம். நமக்கு ஆறேழு நிமிஷமும் ஒரு வண்டி ஐதீகமும் கிடைத்தன. ஐதீகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது சுலபம், காதுக்கு வேலை இல்லை.

சபைகளுக்கு வருகிறேன். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் ராஜரத்தினம் பிள்ளை பெயர் இல்லை. அவருடைய பிருகாவைக் கேட்டுத் தன் பாட்டை வார்த்துக்கொண்ட ஜி.என்.பி.யின் பெயர் இருக்கிறது. ஜி.என்.பி. அந்தக் கடனை மறைத்தவர் அல்ல. நான் குற்றம் சொல்வது அவரை இல்லை. நாயனத்திலிருந்து தொண்டைக்குப் போனது சங்கீதமாயிற்று, நாயனத்திலேயே இருந்தது மங்கள வாத்தியமாயிற்று. ஷேக் சின்ன மௌலானாவுக்கு அந்தப் பட்டம் வந்தது 1998இல். அடுத்த வருஷம் அவர் இல்லை.

எழுத்தாளர்களான நாமும் யோக்கியர்கள் அல்ல. ஜானகிராமனின் 'செய்தி' கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தாத சிறுபத்திரிகைக்காரன் உண்டா? நல்ல கதைதான். வெளிநாட்டுச் சங்கீதக்காரர் ஒருவர் நாயனத்தைக் கேட்டு, தனக்கு ஒரு செய்தி கிடைத்தது என்கிறார். ஆனால் அதற்குப் பிறகு நாம் எழுதிய நாயனக் கதைகளிலும் கவிதைகளிலும் வாசிக்கிறவன் ஒரு சாக்கு. பரவசப்படுகிறவன்தான் நாயகன். சீவாளியை நனைத்து நனைத்து உதடு வெடித்தவனைப் பற்றி நமக்குத் தகவல் இல்லை. பி.எம். சுந்தரம் 'மங்கல இசை மன்னர்கள்' என்று ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக அவர்கள் வாழ்க்கையைத் தொகுத்து வைத்திருக்கிறார். மாடியில் இருந்த எட்டுப் பேரில் அதைப் புரட்டியவர் ஒருவர். அவரும் தன் பெரியப்பா பெயர் இருக்கிறதா என்று பார்த்தாராம்.

இதில் நான் கோபப்படக் காரணம் செத்துப்போனவர் அல்ல. சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒருவர் நகைக்கடனுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'நாயனம்' என்று எழுதியிருந்தார். கணினியில் தொழில்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்துதான் பொறுக்க வேண்டும். விவசாயம் இருக்கிறது, மீன்பிடிப்பு இருக்கிறது, நாயனம் இல்லை. 'இதர' என்று போட்டேன். சீட்டைக் கொடுக்கும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று, "ராஜரத்தினம் பிள்ளை தோடி மாதிரி இப்ப யாரும் வாசிக்கிறதில்லைல்ல?" என்று கேட்டேன். கேட்டவன் நான்தான். நெருப்பு நண்பர் அல்ல. அவர் சிரித்துக்கொண்டே, "யாரு சார் நின்னு கேக்குறா, வாசிக்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வாசிக்கிற கோவிலில் கால பூஜைக்கு மோட்டார் மேளம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். விசேஷ நாளைக்கு மட்டும் இவரைக் கூப்பிடுகிறார்கள். கல்யாணங்களில் தாலி கட்டும்போது கெட்டிமேளம், அதன் பிறகு சினிமாப் பாட்டு, அதன் பிறகு ஒலிபெருக்கி. இத்தனைக்கும் நடுவில் 1956க்கு முந்தைய ஒரு ராத்திரியை நாம் அவர் தலைமேல் தூக்கி வைக்கிறோம். உயிரோடிருக்கிறவனைக் கேட்காமல் தப்பிக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது. கவிஞர் நண்பரின் ஒலிநாடா நியாயமும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. பதிவு இல்லாத இந்த மனிதரை அவர் எதை வைத்து எடை போடுவார்?

எங்கள் ஊர் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஏழு சுரங்களின் பெயரையும் வாத்தியங்களின் பெயரையும் வரிசையாக அடுக்கியவள் அவள். சுடுகாட்டில் நடக்கும் அந்த ஆட்டத்துக்குச் சுற்றி நிற்பவை பேய்கள். உட்கார ஜமுக்காளம் கிடையாது.

ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் எறிவார்கள், கீழே ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டு முண்டியடிப்பார்கள். கடந்த முறை அந்தக் கூட்டத்தில் பாரதியார் வீதியில் நாயனம் வாசித்துக்கொண்டு போனவர் அவர்தான். எல்லோருடைய கண்ணும் மேலே. நான் தவில்காரரின் முழங்கைக்கு அருகில் இடம் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கல்யாணி. பல இடங்களில் இரைச்சலில் முழுகிப்போயிற்று. ஒரு மூலையில் சாமி நின்றபோது அவரும் நின்றார், நிஷாதத்தில். நீளமாக, மாம்பழங்கள் விழுகிற நேரம் முழுக்க. கொஞ்சம் சுருதி விலகியிருந்தது என்று நினைக்கிறேன். அடுத்த வீதியிலும் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று கூடப் போனேன்.