சக்தியைக் கூட்டுகிறார்களாம்!

திருவள்ளூர் மணவாள நகரில் மளிகைக் கடைக்குப் போனால், துவரம் பருப்பைக் கட்டுவதற்குள் இம்யூனிட்டி பவுடரைக் கையில் திணிக்கிறார்கள். பிஸ்கட்டில் இம்யூனிட்டி, சத்துமாவில் இம்யூனிட்டி. எதிர்ப்புச் சக்தி கூடினால் எந்த நோயும் அண்டாதாம். போன வாரம் எங்கள் தெருவில் லூபஸ் வந்த பெண்ணிடமே இதைச் சொல்லி ஒரு டப்பாவைத் தலையில் கட்டிவிட்டுப் போனார் ஒருவர்.

ஐயா, லூபஸ் என்பதே எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பை அடிக்கிற நோய். எதிர்ப்புச் சக்தியின் படைகளான பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலும் டி செல்கள் தைமஸிலும் வளர்கின்றன. வளரும்போதே, நம்மையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றை உடம்பு ஒழித்துவிடும்; மிச்சத்தை அடக்கி வைக்கும். லூபஸில் இந்தக் கட்டுக்காவல் கோட்டைவிடுகிறது. தப்பிய பி செல்கள் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே ஆன்டிபாடி சுரக்கின்றன. மூட்டு வீங்குகிறது, சிறுநீரகம் பழுதாகிறது. இதில் எதைக் கூட்டப் போகிறீர்கள்?

ஸ்பெயின் சிறுமி ஒருத்திக்கு லூபஸ் வந்ததற்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று 2022இல் கரோலா வினுவேசாவின் ஆய்வுக் குழு காட்டியது. அந்த மாற்றம் மரபணுவை முடுக்கிவிட்டிருந்தது. கூடுதல் சக்தி! உங்கள் டப்பா தருவதாகச் சொல்கிறதே, அதேதான். அதே ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் 5 லூபஸ் நோயாளிகளின் பி செல்களைத் துடைத்தெடுத்த விவரம் வெளியானது. நோய் அடங்கியது. கூட்டியா அடக்கினார்கள்?

நம் ஊர்க் கூத்து வேறு. 2020இல் லூபஸ்காரர்களின் அன்றாட மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொரோனாவுக்கென்று ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கினார்கள். எதிர்ப்புச் சக்தி மூலிகையென்று விற்கிற சீந்திலைச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினால், ஆயுஷ் அமைச்சகம் சீந்திலுக்கு வக்கீலாகிறது. செடிக்கு இருக்கிற ஆதரவு நோயாளிக்கு இல்லை.

லூபஸ் நோயாளிகளில் 10க்கு 9 பேர் பெண்கள். காக்களூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிற பெண் மூட்டு வலி என்றால் முதலில் சோம்பல் என்பார்கள், பிறகு சத்துக் குறைவு என்பார்கள், கடைசியில் பவுடர் விற்பார்கள். திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அதில் லூபஸைப் பார்க்கும் ருமட்டாலஜிக்கென்றே தனித்துறை. டப்பா வாங்கிய காசில் குடும்பத்தோடு போய் வந்திருக்கலாம்.