கையேந்தி பவனுக்கு ஒரு குழாய்!

சென்னையில் மாலை மணி ஆறு ஆனால் போதும். தெருமுனைகளில் அடுப்பு எரியத் தொடங்கும். தோசைக் கல் காயும். இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கும்.

"அக்கா, நாலு இட்லி!"

"அண்ணே, ஒரு முட்டை தோசை!"

குரல்கள் எழும். கைகள் நீளும். தட்டுகள் நிறையும்.

இந்தக் கடைகளுக்குச் சுவர் கிடையாது. கூரை கிடையாது. மேஜை, நாற்காலியும் கிடையாது. சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டிதான் கடை. தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட வேண்டும். பெரிய ஓட்டல்கள் பலவற்றின் பெயர் "பவன்" என்று முடிகிறது அல்லவா? அதைப் பார்த்து ஜனங்கள் இதற்கும் ஒரு பெயர் சூட்டிவிட்டார்கள். "கையேந்தி பவன்!"

பெயரில் கேலி உண்டு. பாசமும் உண்டு.

யார் சாப்பிடுகிறார்கள்?

ஆட்டோ ஓட்டுகிறவர் சாப்பிடுகிறார். கட்டிட வேலை முடித்து வரும் கொத்தனாரும் சித்தாளும் சாப்பிடுகிறார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் வருகிறார்கள். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரும், தம் பசிக்கு இங்கேதான் வருகிறார்.

குடும்பங்களும் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெரினா கடற்கரைக்குப் போய், தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் வாங்காமல் திரும்பும் குழந்தை உண்டா? மிளகாய் பஜ்ஜிக்கும், வறுத்த மீனுக்கும் அங்கே கூட்டம் கூடுகிறது. சௌகார்பேட்டையில் தங்கசாலை தெருவில் வட நாட்டுப் பலகாரம் தின்பதற்கென்றே தொலைவிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்.

கப்பலில் வந்த ருசி

பாரிமுனைக்கு அருகே, பர்மா பஜார் பக்கம் சில வண்டிகள் நிற்கும். அங்கே "அத்தோ" கிடைக்கும். நூடுல்சுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப்பு.

இது பர்மா நாட்டுச் சாப்பாடு. சென்னைக்கு எப்படி வந்தது?

1962ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வியாபாரங்களும் நாட்டுடைமை ஆயின. அங்கே பல தலைமுறை வாழ்ந்த தமிழர்கள், சொத்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கையில் காசு இல்லை. ஆனால் கையில் பக்குவம் இருந்தது. அதை வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு, சென்னைத் தெரு ஒரு பிழைப்பைக் கொடுத்தது. அவர்கள் சென்னைக்கு ஒரு புது ருசியைக் கொடுத்தார்கள்.

பெரிய முதல் இல்லாதவர் நாணயமாகப் பிழைக்க, தள்ளுவண்டி ஒரு வழி. கணவனை இழந்த பெண், ஆலை மூடியதால் வேலை போனவர், கிராமத்தில் மழை பொய்த்ததால் பட்டணம் வந்தவர் என்று எத்தனையோ பேரை இந்த வண்டி கரை சேர்த்திருக்கிறது.

இரண்டு விருந்துகள்

இப்போது பட்டணத்தில் புதிதாக ஒரு பழக்கம் பரவி வருகிறது. நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒருவர், ஒரே ஒரு நாள் விருந்து வைப்பார். தம் வீட்டிலோ, வாடகைக்குப் பிடித்த இடத்திலோ பந்தி நடக்கும். இருபது பேர், முப்பது பேருக்குத்தான் இடம். முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். செட்டிநாட்டுச் சமையல், கொங்குச் சமையல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். மறுநாள் போனால் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. இதற்கு "பாப்-அப்" விருந்து என்று பெயர்.

இது நல்ல பழக்கம்தான். பாட்டி காலத்துப் பண்டங்களை மறக்காமல் காப்பாற்றுகிறது. வீட்டோடு இருந்த பெண்களின் கைத்திறனுக்கு நாலு பேர் முன்னால் மதிப்புக் கிடைக்கிறது. ஓர் இலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தும் சாப்பிட ஆள் இருக்கிறது.

தள்ளுவண்டி அக்காவும் அதைத்தான் செய்கிறார். தம் ஊர்ப் பக்குவத்தில் சமைக்கிறார். மாலையில் கடை விரிக்கிறார். இரவு போனால் இடம் காலி! அதுவும் ஒரு நாள் விருந்துதான். தினம் தினம் நடக்கிற ஒரு நாள் விருந்து.

வேறுபாடு ஒன்றுதான். அந்த விருந்து நடக்கும் கூடத்தில் குழாய் இருக்கிறது. வண்டியில் இல்லை.

தண்ணீர்க் கணக்கு

"தெருக்கடையில் சுத்தம் இல்லை" என்று சொல்கிறார்கள். பல இடங்களில் அது உண்மை. ஆனால் ஏன் இல்லை? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வண்டியில் மாலை முழுவதும் 100 பேர் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டைக் கழுவ அரை லிட்டர் தண்ணீர் என்றால், தட்டுக்கு மட்டும் 50 லிட்டர். ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்க 20 லிட்டர். கை கழுவ இன்னொரு 20 லிட்டர். பாத்திரம் துலக்கவும், வண்டி துடைக்கவும் இன்னும் கொஞ்சம். ஆகமொத்தம் 100 லிட்டர் ஆகிவிடும்.

வண்டியில் எவ்வளவு ஏற்ற முடியும்? 20 லிட்டர் கேன் இரண்டு ஏற்றினாலே வண்டி கனக்கும். அதாவது 40 லிட்டர்!

மீதி 60 லிட்டருக்கு எங்கே போவது? ஒரே வாளித் தண்ணீரில் தட்டுகளை முக்கி முக்கி எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் தட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துவிடுகிறார்கள். தட்டைக் கழுவும் வேலை மிச்சம்!

ஆனால் உணவுக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2019 ஜனவரி 1ந் தேதி முதல் தடை செய்திருக்கிறது. சூடான சாம்பாரை அதில் ஊற்றுவது உடம்புக்கும் ஆகாது. தூக்கி எறிந்தால் அது சாக்கடையை அடைக்கும். மாட்டின் வயிற்றிலும் போகும். தடை சரியானதே. வாழை இலைத் துண்டு போடலாம். அதற்கும் காசு வேண்டும். பக்கத்தில் ஒரு குழாய் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அழுக்குக்கு அபராதம் போடுவது சுலபம். குழாய் போடுவதுதான் மருந்து.

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் வியாபாரம் செய்வது பிச்சைக்காரத் தொழில் அல்ல. ஒழுங்குமுறைக்கு உட்பட்டு அப்படிப் பிழைக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று 1989ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

2014ல் பாராளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. அதன் முக்கிய அம்சங்களை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரு வியாபாரிகளை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கு எடுக்க வேண்டும். கணக்கு எடுத்து, சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை, யாரையும் இடத்தைவிட்டு விரட்டக் கூடாது.

ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினரில் 100க்கு 40 பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றுவதானால் 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை, உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றப் பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் இட்லி மாவோடு வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "என் சரக்குக்குப் பட்டியல் கொடுங்கள் ஐயா" என்று கேட்க எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டத்தை அச்சிட்டால் போதாது. அது வண்டிவரை வந்து சேர வேண்டும்.

முதலுக்கும் ஒரு வழி உண்டு. 2020ல் மத்திய அரசாங்கம் தெரு வியாபாரிகளுக்குப் "பி.எம். ஸ்வநிதி" என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கடன் 10,000 ரூபாய் என்று இருந்தது. 2025ல் அதை 15,000 ரூபாயாக உயர்த்த முடிவாயிற்று. அடமானம் தேவையில்லை. காலையில் தண்டல்காரரிடம் வாங்கி, மாலையில் வட்டியோடு கட்டி, மிச்சமின்றி வீடு திரும்பும் பெண்கள், வங்கியில் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிங்கப்பூர் செய்தது

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகம் வரலாம். நடத்திக் காட்டிய ஊர் ஒன்று இருக்கிறது.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் தெருவெல்லாம் தள்ளுவண்டிகள்தான். எச்சில் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. ஈ மொய்த்தது. அந்த அரசாங்கம் முதலில் 1968, 1969ம் ஆண்டுகளில் தெரு வியாபாரிகளைக் கணக்கு எடுத்துப் பதிவு செய்தது. 1971 முதல் அவர்களுக்காக உணவு நிலையங்களைக் கட்டத் தொடங்கியது. தண்ணீர்க் குழாய், கழிவு நீர்ப் பாதை, மின்விளக்கு, குப்பைத் தொட்டி எல்லாம் வைத்தது. 1986க்குள் தெரு வியாபாரிகள் அநேகமாக எல்லோரும் நிலையங்களுக்கு வந்துவிட்டார்கள்.

இன்று அங்கே 100க்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. தேக்கா சந்தையில் நம்மவர்கள் தோசையும் பிரியாணியும் விற்கிறார்கள். 2020ல் யுனெஸ்கோ நிறுவனம் இந்த உணவுப் பழக்கத்தை உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சென்னை அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. இங்கே பசி இருக்கும் இடத்துக்கு வண்டி போகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வண்டியை இரண்டு மைல் தள்ளி ஒரு கட்டிடத்தில் வைத்தால் யாருக்கு லாபம்? கட்டிடம் வேண்டாம். ஆனால் குழாயும் கழிவு நீர்ப் பாதையும் வேண்டும்.

நடப்பவர் குறை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நடைபாதை நடப்பதற்கு. குழந்தையை இடுப்பில் வைத்த தாய், கண் தெரியாதவர், கோல் ஊன்றிய முதியவர் ஆகியோர் வண்டிக்காகச் சாலையில் இறங்கி நடந்தால், விபத்து யார் பொறுப்பு? வாடகையும் வரியும் கட்டும் சிறு ஓட்டல்காரருக்கும் வருத்தம் இருக்கும். அதிலும் நியாயம் உண்டு.

ஆகவே, எங்கே வண்டி நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் அபராதம் போடட்டும். கோடே போடாமல் அபராதம் போடுவது நியாயமா?

வண்டிக்காரருக்கு நாலு வார்த்தை

சுடச்சுடக் கொடுங்கள். ஆறிப்போன சோற்றிலும் குழம்பிலும் கிருமி வேகமாகப் பெருகும். சூடான பண்டம் 60 டிகிரிக்குக் குறையாமல் அடுப்பிலேயே இருக்கட்டும். தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். மிஞ்சியதை மறுநாள் சட்னியோடு சேர்க்காதீர்கள்.

கறுத்துப் புகையும் எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். காசு வாங்கிய கையால் இட்லியை எடுக்காதீர்கள்.

பஜ்ஜியைப் பத்திரிகைத் தாளில் மடிக்காதீர்கள். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். 2018ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடை செய்கின்றன. பத்திரிகை படிப்பதற்கு!

சாப்பிடுகிறவருக்கு

கண்ணை நம்புங்கள். கூட்டம் உள்ள வண்டியில் பண்டம் தேங்காது. உங்கள் கண் முன்னால் கல்லில் வேகும் தோசை, மூடாமல் வைத்த பண்டத்தைவிட மேல். குழந்தைக்கு வெட்டி வைத்த பழத்தையும், எந்தத் தண்ணீர் என்று தெரியாத ஐஸையும் வாங்காதீர்கள். வீட்டிலிருந்து ஒரு புட்டி தண்ணீர் கொண்டு போங்கள்.

தட்டைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். தொட்டி இல்லையா? "ஒரு தொட்டி வை அக்கா" என்று சொல்லுங்கள். வாடிக்கைக்காரர் சொல்லுக்கு, அதிகாரி சொல்லைவிட மதிப்பு அதிகம்!

செய்ய வேண்டியது

மாநகராட்சி செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியம் அல்ல. பத்து வண்டிக்கு ஒரு குழாய். ஒரு கழிவு நீர்ப் பாதை. ஒரு விளக்கு. ஒரு பெரிய குப்பைத் தொட்டி. அக்கம்பக்கத்தில் பெண்கள் போகக்கூடிய ஒரு கழிப்பிடம். மாலை நாலு மணியிலிருந்து இரவு வரை அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு அதுகூட இல்லை என்றால், அது ஊருக்கே வெட்கம்.

பணத்துக்கு எங்கே போவது? விற்பனை இடங்களில் செய்து தரும் வசதிக்காக வியாபாரிகளிடம் கட்டணம் வாங்கலாம் என்று 2014ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ரசீது கொடுத்து வாங்கட்டும். ரசீது இல்லாமல் யார் யாருக்கோ தினமும் கொடுப்பதைவிட, ரசீதோடு மாநகராட்சிக்குக் கொடுக்க அவர்கள் தயங்கமாட்டார்கள்.

வண்டியைத் துரத்தினால் அழுக்கு அடுத்த தெருவுக்குப் போகும். குழாயைக் கொடுத்தால் அழுக்கு சாக்கடைக்குப் போகும்.

எது நல்லது என்று மாநகராட்சி முடிவு செய்யட்டும்!