அம்பத்தூரிலிருந்து பூண்டிக்கு ஒரு பஸ்

நவம்பர் பிறந்து இரண்டு மழை பலமாகப் பெய்துவிட்டால், எங்கள் பக்கத்து ஜனங்களின் பேச்சு அடிக்கணக்குக்கு மாறிவிடும். "செம்பரம்பாக்கம் இருபத்திரண்டு அடியாம்", "புழலுக்கு இன்னும் ஒரு அடிதான் பாக்கியாம்". செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, புழலுக்கு 21 அடி சொச்சம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மதகைத் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் பூந்தமல்லி, குன்றத்தூர், மாங்காடு, திருமழிசை என்று நாலா பக்கமிருந்தும் பைக்கில் குடும்பத்தோடு கிளம்பி வந்து நிற்பார்கள். போலீஸ்காரர்கள் விரட்டுவார்கள். பத்தடி தள்ளிப்போய் மறுபடி நிற்பார்கள். 2015 டிசம்பரில் இதே ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் வெளியேறி அடையாற்றங்கரை மூழ்கியதை மறந்தவர்கள் அல்ல அவர்கள். அந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். நிறைந்த ஏரியைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவ்வளவு பெரியது.

இந்த ஆசைக்கு அரசு இதுவரை தடுப்புவேலியைத்தான் பதிலாகக் கொடுத்திருக்கிறது. அதை மாற்றவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் எஸ்டேட்டில் ஒரு சிறு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்பத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1964-ல் உருவான தொழிற்பேட்டை ஞாபகம் வரும், ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை. ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி, அயப்பாக்கம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர், போரூர். இவற்றைச் சுற்றி வளைத்தாற்போல வடக்கே புழலும் சோழவரமும், தெற்கே செம்பரம்பாக்கமும், மேற்கே பூண்டியும். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி கொரட்டூருக்குப் போகும். கொரட்டூர் நிறைந்தால் ரெட்டேரிக்கு. பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் வரும். நாம் குடியிருப்பது ஒரு ஏரி நாட்டில். மண் சரிவு அறிந்து, ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும்படி கரை கட்டிய நாடு இது. என் சிறுவயதில் கலங்கல் வழிந்தால் தெருவே எழுந்து ஓடும். "ஏரி கோடி போவுது" என்று யாராவது கத்தினால் அடுப்பில் இருக்கும் சோற்றை இறக்கி வைத்துவிட்டு அம்மாவும் வருவாள். அருவி பார்க்க நாங்கள் குற்றாலம் போனதில்லை. கலங்கலில் வெள்ளையாகச் சரியும் அந்தத் தண்ணீர்தான் எங்கள் அருவி.

இதையெல்லாம் புதிதாக யோசிக்க வைத்தது ஓர் அயல்நாட்டுப் பயணம். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக அமெரிக்காவில் ரோச்செஸ்டருக்குப் போயிருந்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபிங்கர் லேக்ஸ் என்ற ஏரிப் பகுதி. பனிப்பாறைகள் கீறிப்போட்ட நீள நீளமான 11 ஏரிகள். வாட்கின்ஸ் கிளென் என்ற பாறை இடுக்கில் அடுக்கடுக்காக அருவிகள். கார்னிங் என்ற ஊரில் கண்ணாடிக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம். ஏரிச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், ஒயின் ஆலை. ஆழமான ஏரி குளிர்காலத்தின் கடுமையைத் தணித்துக் கொடியைக் காப்பாற்றுகிறது என்று மகள் விளக்கினாள். எல்லாம் அழகுதான். ஆனால் என் மனதில் தைத்தது, சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாத ஹெம்லாக் என்ற ஏரி.

ரோச்செஸ்டர் நகரம் 1876 முதல் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரை. ஒரு காலத்தில் அதன் கரை முழுக்க வீடுகளும் விடுதிகளும் இருந்தன. குடிக்கிற தண்ணீர் கெடக்கூடாது என்று நகராட்சி கரை நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலைக்கு வாங்கி, கட்டடங்களை அப்புறப்படுத்தி, காடாக விட்டது. 2010-ல் அந்தக் காட்டை மாநில அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. இன்று கரையில் வீடே இல்லை. ஆனால் மக்கள் போகலாம். நடக்கலாம், மீன் பிடிக்கலாம், 17 அடிக்கு மேற்படாத படகு விடலாம். குளிக்க மட்டும் கூடாது. "இது உங்கள் குடிநீர்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அத்தனை விதிகளுக்கும் ஜனங்களைக் கட்டுப்பட வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதே காரணத்தைச் சொல்லித்தான் கதவைச் சாத்துகிறார்கள். குடிநீர் ஏரி, அனுமதி இல்லை. சரி, வேலி போட்டாகிவிட்டது. வேலிக்குள்ளே வரும் கழிவுநீரை யார் தடுத்தார்கள்? கொரட்டூர் ஏரிக்குள் கால்வாய் சேரும் இடத்தில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் கறுப்பாக, சோப்பு நுரை கட்டி, குப்பையைத் தள்ளிக்கொண்டு வரும். மழை பெய்யும் நாளில் ஏரிக்கு நீர் கொண்டுவரவேண்டிய அதே கால்வாய், மற்ற நாளில் சாக்கடையைக் கொண்டுவருகிறது. அதை எதிர்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் அந்தப் பகுதி மக்கள்தான். கரைக்குப் பக்கத்தில் வாழ்ந்து, அந்த நாற்றத்தை மூக்கால் அறிந்தவர்கள். ஏரியைப் பார்க்காதவன் அதற்காக வழக்குப் போடமாட்டான். மக்களை ஏரியிலிருந்து விலக்கி வைத்த ஒவ்வொரு வருஷமும் ஏரிக்குக் காவலில்லாத வருஷம் என்பது என் திடமான கருத்து.

இன்னொரு வழியும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியை 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். 87 ஏக்கர் ஏரி, சுற்றி நடைபாதை, படகு, விளக்கு, குழந்தைகள் விளையாட இடம். மாலையில் போனால் ஆவடியே அங்கே இருக்கும். கூழைக்கடாக்கள் திட்டுகளில் உட்கார்ந்திருப்பதைத் தாத்தாக்கள் பேரன்களுக்குக் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மழையில்லாத மாதங்களில் காற்று திரும்பினால் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்கவேண்டியிருக்கிறது. ஆகாயத்தாமரையை வாரி எடுப்பார்கள், அது மறுபடி படரும்; சாக்கடை உள்ளே வரும்வரை அதற்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. கரையை அழகு செய்வதற்கு முன்னால் வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்யவேண்டும். இந்த வரிசை மாறினால் செலவழித்த பணம் தண்ணீரோடு போகும். வில்லிவாக்கம், போரூர் என்று அடுத்தடுத்து ஏரிகளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பூண்டியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லவேண்டும். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருவள்ளூர். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1940-ல் வேலை தொடங்கி, 1944-ல் முடிந்த நீர்த்தேக்கம் அது. கட்டி முடிப்பதற்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். ஏரிக்கு அவர் பெயர் நிலைத்தது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகக் கிருஷ்ணா நீர் வந்து சேர்வதும் இங்கேதான். அணைகளின் மாதிரிகளைச் சிறிய அளவில் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதிக்கும் அரசு நீரியல் ஆய்வு நிலையமும் பூண்டியில் இருக்கிறது. நம் குழாயில் வரும் தண்ணீரின் கதையை ஒரு பிள்ளைக்கு இதைவிட நன்றாக எங்கே கற்றுத்தர முடியும்?

அதே ஊரில் தொல்லியல் துறை 1985-ல் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு போனேன். உள்ளே எங்களைத் தவிர யாருமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கைக்கோடரி. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, வாதாம்பருப்பின் வடிவம். பழுப்பு படிந்த குவார்ட்சைட் கல்லை இரண்டு முகத்திலும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைப் பிடிப்பதற்கு வாகாக மொத்தையாக விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டின் தழும்பும் தனித்தனியாகத் தெரிகிறது. பெரியவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "சித்தி, இதை யார் செஞ்சாங்க?" என்றான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் நிறையக் கிடைத்தன. இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அப்படித்தான். 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். உலக அறிவியல் ஏடுகளெல்லாம் எழுதின. அல்லிக்குழி மலைப்பக்கம் போனால் குடியம் குகைகளும் இருக்கின்றன. நல்ல கல்லும் தண்ணீரும் கிடைத்த இடம் என்பதால் மனிதர்கள் இங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். பதினைந்து லட்சம் வருஷம் கழித்து, ஆவடியில் இருக்கும் ஒரு குடும்பம் அங்கே போக ஒரு நேர் பஸ் வேண்டும் என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது நாங்கள் பஸ்ஸுக்காக நெடுநேரம் வெயிலில் நின்றோம். பூண்டிக்குப் போனதில்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லோரும் சொல்லும் காரணமும் இந்தத் திரும்பி வரும் கஷ்டம்தான்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஞாயிறுதோறும் காலையில் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து சி.டி.எச். ரோடு வழியாகப் பூண்டிக்கு ஒரு அரசு பஸ், மாலையில் அதே பஸ் திரும்பி. வழியில் திருமுல்லைவாயல், மாசிலாமணீஸ்வரர் கோயிலின் எருக்கந்தூண்களைப் பார்க்கலாம். ஆவடியில் ஏறுகிறவர்கள் ஏறட்டும். திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாளையும், ஏரி உடையாமல் காப்பவர் என்று பெயர் பெற்ற ஏரிகாத்த ராமரையும் சேவித்துவிட்டு ஏரியைப் பார்க்கலாம். அந்த ஏரிப்பக்கம் எத்தனை வீடுகள் எழுந்துவிட்டன என்பதையும் பார்க்கலாம். பிறகு திருவள்ளூர், பூண்டி. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், நிலம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். அருவி வேண்டும் என்பவர்களுக்கு ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் பக்கம் கைலாசகோனா இருக்கிறது. அது ஆந்திரம், வேறு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஏரிக்கு ஆள் வரவழைப்பது ஒயின். இங்கே ஏரிக்கரைகளில் மதுவின் அடையாளமாகக் கிடப்பது உடைந்த பாட்டில். இருட்டிய பின் கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு உடைத்துப்போடுகிறார்கள்; காலையில் நடக்க வருகிறவர்களின் காலைக் கிழிக்கிறது. பெண்கள் வராததற்கு இதுவே பாதிக் காரணம். விளக்கும், ஒரு ரோந்தும், குடும்பங்களின் நடமாட்டமும் சேர்ந்தால் இது தானாகக் குறையும். எங்கள் ஏரி தரும் ருசி மீன். செம்பரம்பாக்கம் கரையோரம் மசாலா தடவி வறுக்கும் ஜிலேபிக்கெண்டையைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். "ஏரி நெறஞ்சா எங்களுக்குத் தீவாளிக்கா" என்றாள் அங்கே மீன் வறுக்கும் பெண். அவளுக்கு நிழலாக ஒரு கூரையும், எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கொட்ட ஏரியைத் தவிர ஓர் இடமும் அமைத்துக்கொடுங்கள். அவள் வயிற்றுப்பாடு ஏரியோடு கட்டப்பட்டது. அவளைவிட நல்ல காவல் கிடைக்காது.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சுற்றுலா என்ற பெயரில் கரையில் ரிசார்ட்டுக்கு அனுமதி தராதீர்கள். "லேக் வியூ" என்று விளம்பரம் செய்து ஆயக்கட்டு வயலிலும் நீர்ப்பிடிப்பிலும் எழுந்த அடுக்குமாடிகள் போதும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர் இறங்கியது நம் வில்லிவாக்கத்தில்தான். அந்த வேகன்களைப் பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தில் நானும் நின்றேன். ஏரி நாட்டுக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. இனி அப்படி வரக்கூடாது.

பஸ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் ரயிலில் ஏறுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவாருங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கடிதமாக எழுதிப் போடுங்கள். நான் எழுதிவிட்டேன்.