விரக்தியை வழிபடுவோர்க்கு ஒரு மறுப்பு

கலைஞன் அழிந்தாற்றான் கலை வாழும் என்றொரு கொள்கை மேலைநாட்டு இசைச் சந்தையிலே நெடுங்காலமாக விலைபோகின்றது. இளமையில் மடிந்த பாடகனின் படத்துக்கு, அவன் உயிரோடிருந்தபோது இல்லாத மதிப்பு ஏற்படுகின்றது. அவனுடைய நோய் மேதைமையின் அடையாளமாகப் போற்றப்படுகின்றது. எஞ்சியுள்ள தோழர்கள் தொடர்ந்து பாடினாலோ, அது துரோகமெனத் தூற்றப்படுகின்றது. இக்கொள்கையின் பொய்ம்மையை அறிய விரும்புவோர்க்கு, 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'எவ்றிதிங் மஸ்ற் கோ' என்னும் இசைத்தட்டு தக்க சான்றாகும்.

அதனை வெளியிட்ட 'மானிக் ஸ்றீற் பிறீச்சேர்ஸ்' என்னும் றொக் இசைக்குழு, தென் வேல்ஸிலுள்ள பிளக்வூட் என்னும் சிறு நகரில் 1986ஆம் ஆண்டு தோன்றியது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த பிரதேசம் அது. 1984 மார்ச் முதல் ஓராண்டுக் காலம் நடந்த சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைத் தட்சர் அரசு முறியடித்தபோது, இவ்விளைஞர்கள் பாடசாலை மாணவர்களாக இருந்தனர். அயலிலிருந்த ஓக்டேல் சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. தந்தையர்க்குத் தொழிலும் தொழிற்சங்கமும் இருந்தன. மைந்தர்க்கு எஞ்சியவை கல்வியும் கோபமுமே. அக்கோபத்துக்குச் சொல்வடிவம் தந்தவர் இருவர். ஒருவர் நிக்கி வயர். மற்றவர், சுவான்சியில் அரசியல் வரலாறு பயின்ற றிச்சி எட்வேர்ட்ஸ். குழு தொடங்கிச் சில ஆண்டுகளின் பின்னரே எட்வேர்ட்ஸ் அதிற் சேர்ந்தார். எனினும், குழுவின் கருத்தையும் தோற்றத்தையும் உருவாக்கியதில் அவர்க்குள்ள பங்கினால் அதனை நிறுவியவருள் ஒருவராகவே அவர் மதிக்கப்படுகின்றார். கிற்றார் வாசிப்பதில் அவர் வல்லவரல்லர். எழுத்தே அவர்தம் கருவி.

சந்தை அவரை எவ்வாறு கண்டது? 1991 மே மாதம் நோர்விச் நகரில், குழுவின் நேர்மையை ஐயுற்ற ஒரு பத்திரிகையாளர் முன்னிலையில், எட்வேர்ட்ஸ் தமது கையைத் தாமே காயப்படுத்திக்கொண்டார். இசை வாரப் பத்திரிகையொன்று அக்காயத்தைப் படமாக வெளியிட்டது. பாட்டை அறியாதவரும் படத்தை அறிந்தனர். 1994இல் அவர் நோயுற்று மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு ஓகஸ்டில், பெரும்பாலும் அவருடைய வரிகளாலான 'தி ஹோலி பைபிள்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. 1995 பெப்ரவரி 1ஆம் நாள், விளம்பரப் பணிக்காக அமெரிக்கா செல்லவேண்டிய அன்றே, லண்டன் ஹோட்டலிலிருந்து அவர் காணாமற் போனார். வயது இருபத்தேழு. அவருடைய கார் செவர்ன் பாலத்தருகே கண்டெடுக்கப்பட்டது. 2008 நவம்பரிலேதான், இறந்தவராகக் கொள்ளத்தக்கவர் எனச் சட்டம் அறிவித்தது. நோயுற்றவர்க்கு வேண்டியவை மருத்துவமும் ஓய்வும் தோழமையும். சந்தைக்கு வேண்டியிருந்ததோ ஒரு படமும் ஒரு மர்மமும். அவரை அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்னும் செய்திகளும் பின்னர் பல ஆண்டுகள் அச்சேறின.

எஞ்சிய மூவர் செய்தது யாது? நான்காமவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி அவ்விடத்தை நிரப்பவில்லை. வருவாயில் எட்வேர்ட்ஸுக்குரிய பங்கை ஒதுக்கி வைத்தனர். புதிய இசைத்தட்டின் பன்னிரண்டு பாடல்களுள் ஐந்தில் அவர் விட்டுச்சென்ற வரிகளையே பயன்படுத்தினர். அவ்வைந்தில் ஒன்று கெவின் கார்ட்டர் என்னும் தென்னாபிரிக்கப் படப்பிடிப்பாளரைப் பற்றியது. சூடானின் பஞ்சத்திலே பட்டினியால் குனிந்து கிடந்த குழந்தையையும் அதன் பின்னே காத்திருந்த கழுகையும் படமெடுத்து 1994இல் புலிற்சர் பரிசு பெற்றவர் அவர்; அவ்வாண்டிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறர் துன்பம் படமாகிப் பரிசாகும் உலகை எட்வேர்ட்ஸ் எத்துணை நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு அப்பாடல் ஒன்றே போதும். அவரை அழகிய சோக உருவாக்கிப் படத்தைச் சுவரில் மாட்டியவர்கள், அவ்வரிகள் தம்மையும் குற்றஞ்சாட்டுவதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் இசைத்தட்டின் உயிர்நாடி வேறொரு பாடலில் உள்ளது. 1996 ஏப்ரலில் தனியாக வெளிவந்து பிரித்தானிய விற்பனை வரிசையில் இரண்டாமிடம் பெற்ற 'எ டிசைன் ஃபோர் லைஃப்' என்பதே அது. நிக்கி வயர் எழுதிய அப்பாடல் நூலகத்தை முன்னிறுத்தித் தொடங்குகின்றது. உழைப்பாளிக்குக் குடியைத் தவிர வேறு நாட்டமில்லை என்னும் மேற்குடியினரின் இகழ்ச்சியை எடுத்து, அதனை இகழ்ந்தோர் மீதே திருப்பி எறிகின்றது. இங்கே நூலகம் வெறும் அலங்காரச் சொல்லன்று. தென் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து சில பெனிகளை ஒதுக்கி, ஊர்தோறும் மன்றங்களும் வாசிகசாலைகளும் அமைத்தவர்கள். பதின்மூன்று வயதிலே சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன், திரெடீகர் நகரின் தொழிலாளர் நூலகத்திலே கற்றவர். 1948இல் பிரித்தானிய மக்களுக்கு இலவச மருத்துவ சேவையை உருவாக்கித் தந்த அமைச்சர் அவரே. நிலத்துக்கடியிலே கரிவெட்டிய மக்கள் நிலத்துக்கு மேலே புத்தகம் சேர்த்தார்கள் என்பது வரலாறு. நூலகத்தின் அருமையை இவ்விதழின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஓக்டேல் ஊரின் தொழிலாளர் மன்றம் 1917இல் எழுந்தது. அக்கட்டடம் பெயர்த்தெடுக்கப்பட்டு, கார்டிஃப் அருகிலுள்ள செயின்ற் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டு 1995இல் பார்வைக்குத் திறக்கப்பட்டது. எட்வேர்ட்ஸ் மறைந்த ஆண்டும் அதுவே. கடையை மூடுவோர் எஞ்சிய சரக்கெல்லாம் தீர்த்து விற்கப்படும் என எழுதி ஒட்டும் வாசகமே இசைத்தட்டின் பெயராகவும் அமைந்தது. ஒரு தோழனின் பிரிவும் ஒரு வர்க்கத்தின் உடைமைகள் ஏலம் போனமையும் அப்பெயரில் ஒருங்கே ஒலிக்கின்றன. தனிமனிதத் துயரத்திலே தொடங்கி, அத்துயரம் பிறந்த மண்ணைத் திரும்பிப் பார்த்ததே இம்மூவரின் சாதனை.

இதனைத்தான் சிலர் துரோகம் என்கின்றனர். முந்தைய இசைத்தட்டின் கடுமை போயிற்றாம்; வயலின் குழாம் சேர்ந்து இனிமை மிகுந்ததாம்; பல்லாயிரவர் கேட்டுவிட்டனராம்! பல்லாயிரவர் கேட்பது எப்போது குற்றமாயிற்று? சிலர் மட்டுமே துய்க்கும் துயரம் உயர்ந்தது, பலர் சேர்ந்து பாடும் மானம் தாழ்ந்தது என்பது எந்த வர்க்கத்தின் அழகியல்? 'தி ஹோலி பைபிள்' வலிமை மிக்க படைப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. நாசிகளின் வதைமுகாம்களை நேருக்கு நேர் நோக்கிய துணிவு அதற்கு உண்டு. ஆயின், இருளைக் கண்டு சொன்னவன் சாட்சி. அவன் இருளிலேயே கிடக்கவேண்டும் எனக் கோருபவன் வியாபாரி. தோழனை இழந்த மூவரும் அவனைப் பின்பற்றி அழிந்திருந்தால், இவ்விமரிசகர்கள் மலர்வளையம் வைத்திருப்பார்கள். உயிர்வாழ்ந்து உழைத்ததையே அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

நம் அணியிலும் சிலர் வேறொரு மறுப்புக் கூறுவர். றொக் இசை முதலாளித்துவத்தின் சரக்கு, அதிலே வர்க்க உணர்வைத் தேடுவது வீண் என்பர். சரக்கு என்பது உண்மையே. இந்த இசைத்தட்டையும் விற்றது சோனி என்னும் பெரும் நிறுவனமே. பாட்டின் எள்ளலை உணராது குடிவெறியில் அதனைக் கத்திப் பாடிய கூட்டங்களும் உண்டு. ஆனால் அச்சுக்கூடமும் முதலாளியின் உடைமையாக இருந்த காலத்திலேதான் தொழிலாளர் இலக்கியம் அச்சேறியது. 1997இல் பிரித்தானிய இசைத்துறையின் ஆண்டுப் பரிசு இவ்விசைத்தட்டுக்குக் கிடைத்தபோது, குழுவினர் அதனைத் தம்போன்றோர் கற்ற பொதுப் பாடசாலைகளுக்கு உரித்தாக்கினர். பரிசளித்த சபையிலே, பாடசாலைகளைச் சிதைக்கும் அரசைச் சாடினர். சந்தையின் மேடையில் ஏறியும் சந்தைக்கு வேண்டாத சொல்லைச் சொல்ல முடிந்தது.

இதன் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். பாட்டு நூலகத்தை நினைவூட்டும், காக்காது. 2009இல் கார்டிஃப் நகரின் புதிய மத்திய நூலகத்தைத் திறந்துவைக்க இக்குழுவினரே அழைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு தொடங்கிய சிக்கனக் கொள்கையினால் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான பொது நூலகங்கள் மூடப்பட்டன. பழைய சுரங்கத் தொழிலாளர் செய்ததைப் போன்று, அமைப்பாகத் திரண்டு கூலியிலிருந்து பங்கு தந்து கட்டியெழுப்பும் ஆற்றலை எந்த இசைத்தட்டும் ஈடுசெய்ய முடியாது. கடந்ததை எண்ணி ஏங்கும் குரல் இதிலே சற்று ஓங்கியிருப்பது குறையே.

எனினும், காணாமற் போன கவிஞனின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விரக்தியே ஆழம் என மயங்கும் மாணவன் ஒருவன் ஆசிரியரிடம் வரக்கூடும். அவனை எள்ளி நகையாடுதல் தகாது. அவன் துன்பம் மெய்யானதாயின், அதனைச் செவிமடுத்து வேண்டிய உதவியைத் தேடிக்கொடுப்பதே முதற் கடமை. பின்னர் எட்வேர்ட்ஸ் எழுதியவற்றையும், அவர் தோழர்கள் அவருக்குப் பின் பாடியவற்றையும் அவன் முன் வைத்து, இவை ஒரே ஊரில், ஒரே பாடசாலையில், மூடிய ஒரே சுரங்கத்தின் அருகிற் பிறந்தவை எனக் காட்டுக. மேதையின் மர்மத்தைவிட அந்த ஊரின் வரலாறு அவனுக்கு அதிகம் கற்பிக்கும்.