கிளைடருக்கு 6,000 ரூபாய்... அதையும் எஸ்ஐபி-ல போடணுமா?

6,000 ரூபாயை மொத்தமா ஒரு மியூச்சுவல் ஃபண்டுல போட்டு, வருஷத்துக்கு 12% வளர்ந்தா, 20 வருஷத்துல சுமார் 58,000 ஆகும். விலைவாசி 6% ஏறுதுன்னு வச்சுக்கிட்டா, இன்னைய மதிப்புல அது 18,000 ரூபாய்தான். ரேடியோ கன்ட்ரோல் கிளைடர் செஞ்சு பறக்கவிடணும்னு ஆசைப்படுற உங்களுக்கு, நீங்க விட்டுக்கொடுக்கிற தொகை இவ்வளவுதான். என் கருத்து: தாராளமா செய்யுங்க. எமர்ஜென்சி ஃபண்டும் டேர்ம் இன்ஷூரன்ஸும் இருக்கு, கிரெடிட் கார்டுல பாக்கி இல்லைன்னா மட்டும்.

செலவை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. ரிமோட்டும் ரிசீவரும் மூலதனச் செலவு மாதிரி. பட்ஜெட்ல பெரும்பகுதி அதுக்குத்தான் போகும், ஆனா அடுத்தடுத்த விமானத்துக்கும் அதே செட்டுதான். ஃபோம் ஷீட், பசை, டேப் எல்லாம் அன்றாடச் செலவு. மூக்கு குத்தி விழுந்தா உடையறது பெரும்பாலும் ஃபோம்தான். ரெடிமேடா வாங்காதீங்கன்னு நான் பிடிவாதம் பிடிக்கிறது இதுக்காகத்தான். சொந்தமா செஞ்சவருக்கு ஒட்டவும் தெரியும்.

மோட்டார் வேண்டாம். ரட்டருக்கு ஒண்ணு, எலிவேட்டருக்கு ஒண்ணுன்னு 9 கிராம் சர்வோ ரெண்டு போதும். இறக்கை நுனிகள் லேசா மேல தூக்கியிருந்தா, விமானம் சாஞ்சாலும் நிமிர்ந்துக்கும். இறக்கையோட முன்விளிம்புலேர்ந்து அகலத்துல 30% தூரத்துல விரலை வச்சுத் தூக்கிப் பாருங்க, சமமா நிக்கணும். வால் பக்கம் தாழ்ந்தா பேட்டரியை முன்னால நகர்த்துங்க. பைசா செலவில்லாத ரிப்பேர்!

மொத்த எடையை 250 கிராமுக்குள்ள வச்சுக்கோங்க. 2021 ட்ரோன் விதிகள்படி அதுவரைக்கும் 'நானோ' வகை, பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க மைதானம் சிவப்பு, மஞ்சள் மண்டலத்துல வருதான்னு பாத்துட்டுப் போங்க. காத்து அடங்கின காலை நேரம் நல்லது. ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், 250 கிராம் ஃபோம் எம்மாத்திரம்?

எனக்கு ஆகவே ஆகாத விஷயம் ஒண்ணு இருக்கு. 40,000 ரூபாய் கிட்டை "நோ காஸ்ட் இஎம்ஐ"ல வாங்குறது. பிராசஸிங் கட்டணம், வட்டி மேல 18% ஜிஎஸ்டின்னு வந்து நிக்கும்.

அப்புறம், "இதை வீடியோ எடுத்துப் போட்டா காசு வருமா சார்?"னு கேக்காதீங்க. சேனல் நடத்துறவன் சொல்றேன், அது இன்னொரு வேலை. ஞாயித்துக்கிழமைக்கும் இன்வாய்ஸ் போடணுமா என்ன?

ஃபோம் ஷீட் மட்டும் ரெண்டா வாங்கி வச்சுக்கோங்க. முதல் இறக்கை பெரும்பாலும் முதல் வாரம் தாண்டாது.