ஜி.டி.ஆர் அமெரிக்காவுக்கு ஏற்ற கார்தான்

நிசான் ஜி.டி.ஆர் 2008-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 70,000 டாலர். வேகத்தில் அதற்கு இணையான போர்ஷே 911 டர்போவோ 1.2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கொடுக்கும் காசுக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்று கணக்குப் பார்த்தே கார்வெட்டையும் மஸ்டாங்கையும் வளர்த்த சந்தை அது. அங்கே இரட்டை டர்போ வி6 எஞ்சினும், அதன் 480 குதிரைத்திறனை நான்கு சக்கரங்களுக்கும் பகிரும் அமைப்பும் எடுபடாமல் போகுமா? வி8 உறுமல் இல்லை, கையால் மாற்றும் கியர் இல்லை, எடை 1,700 கிலோவுக்கு மேல் என்பார்கள். உண்மைதான். ஆனால் இதன் முன்னோடிகளான பழைய ஸ்கைலைன் ஜி.டி.ஆர்களுக்கு 25 ஆண்டு நிறைந்து இறக்குமதி விதிகளிலிருந்து விலக்கு வரும்வரை காத்திருந்து வாங்கும் அமெரிக்கர்கள் அந்த உறுமலைத் தேடவில்லையே. பிற்காலத்தில் பொருந்தாமல் போனது விலைதான்: அடிப்படை வடிவமைப்பு மாறாத காருக்கு 2024-இல் சுமார் 1.2 லட்சம் டாலர் கேட்டது நிசானின் பிழை.