துணையை அழைத்து வரும் சொல்

கணினியைத் தொட்டவர் அனைவரும் சோம்பேறிகளே என்று பிற துறை நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. அந்தச் சோம்பலைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்துக்குப் புதிய திறமைகளைச் சேர்க்கும் பொதிகளுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். இந்த ஏற்பாடு 2011இல் 9.1ஆம் பதிப்போடு வந்தது. பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் கணக்கிடும் எர்த்டிஸ்டன்ஸ் அவற்றுள் ஒன்று. அது கியூப் என்ற வேறொரு பொதியின் தோளில் ஏறி நிற்பது. கியூப் இல்லையேல், "தேவையான கியூப் நிறுவப்படவில்லை" என்று பிழை காட்டி நின்றுவிடும். 2016இல் வந்த 9.6ஆம் பதிப்பு இதற்கு வழி செய்தது. கட்டளையின் கடைசியில் காஸ்கேடு என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்; துணைப்பொதியும், அதற்கொரு துணை வேண்டுமென்றால் அதுவும், தாமாகவே நிறுவப்படும். (கோப்புகள் கணினியில் முன்பே இருக்க வேண்டும். இணையத்திலிருந்து எடுத்து வரும் வேலையை அது செய்யாது.)

"அந்தச் சொல்லையும் ஏன் கேட்க வேண்டும், சொல்லாமலே செய்தால் என்ன?" என்கிறான் என் அறைத்தோழன். கூடாது என்பேன் நான். முதன்மைப் பொதிக்கு நாம் எந்தப் பதிப்பைக் குறித்தாலும், துணைக்கு அதன் இயல்பான பதிப்பே வரும். நாம் ஒரு ஸ்கீமாவைக் குறித்திருந்தால் துணையும் அதிலேயே போய் அமரும். நம் வீட்டில் யார் வந்து தங்குகிறார் என்பதை நம் வாயாலேயே சொல்லி அழைப்பதல்லவா முறை?

இதை நான் அறிந்தது அடிபட்ட பிறகுதான். சென்ற பருவத்தில் செயல்திட்டத்துக்காக எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களை அட்டவணையாக்கினேன். அட்சரேகை, தீர்க்கரேகைகளை 'எர்த்' வகைக்கு மாற்றிவிட்டு, பழைய எண்களை அழித்துவிட்டேன். பின்னொரு நாள், கியூப் என்று ஏதோ கிடக்கிறதே, நான் கேட்டதில்லையே என்று அதை நீக்கப் போனேன். கேட்டதில்லைதான், காஸ்கேடு அழைத்து வந்த விருந்தாளி அது! நிறுவிய அன்று அதன் பெயர் அறிவிப்பாகத் திரையில் ஓடியிருக்கும். யார் படிக்கிறோம்? இதை நம்பி வேறு பொருள்கள் உள்ளன, நீக்க முடியாது என்றது போஸ்ட்கிரெஸ். கூடவே, அவற்றையும் நீக்கக் காஸ்கேடு சேர்க்கலாம் என்று குறிப்பும் தந்தது. பழகிய சொல்லாயிற்றே! தட்டினேன். எர்த்டிஸ்டன்ஸ் போயிற்று, அதனோடு நிறுத்தங்களின் இருப்பிடங்கள் அடங்கிய நெடுவரிசையும் போயிற்று.

நிறுவும்போது கூட்டி வருவதற்கும் நீக்கும்போது வாரிக்கொண்டு போவதற்கும் ஒரே சொல்லை வைத்தது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. முதலாண்டு மாணவர்கள் முதன்முறை அச்சொல் இல்லாமலே கட்டளையிடட்டும். பிழைச் செய்தியே துணையின் பெயரைச் சொல்லும். நீக்குவதற்கு முன் பிகின் என்று தொடங்கினால், என்னவெல்லாம் போகிறது என்று பார்த்துவிட்டு ரோல்பேக் கொடுத்து மீளலாம். நான் அதைச் செய்யவில்லை. நல்லவேளை, எண்களைக் குறித்த நோட்டுப்புத்தகம் விடுதியில் இருந்தது. மூன்று மாலைகள் உட்கார்ந்து மறுபடி தட்டினேன்.